பாதித் தட்டு

மயிலாப்பூர்,
9.1.1994

ஜானு,

நான்தான். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். அப்பா சௌக்கியம். காது முன்னைவிட மந்தம், அவ்வளவுதான். யார் என்ன கேட்டாலும் "ஆமாம், ஆமாம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார்.

கல்யாணமாகி மஸ்கட் போன இந்த இரண்டு வருஷத்தில் நீ பதினோரு கடிதம் போட்டாய். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். ஜெயராம் என்னைத்தான் பெண் பார்க்க வந்தார். நான் போட்ட பஜ்ஜியை மென்றுகொண்டே, "மூத்தவ கொஞ்சம் ஜாஸ்தியா இருக்காம்மா. காபி கொண்டுவந்தாளே, அந்தச் சின்னவளைக் கேளேன்" என்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். அதைக் கேட்டு நீ சிரித்தாயே, அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. போகட்டும். அதைப் பேச நான் உட்காரவில்லை.

எடை குறைக்க ஆரம்பித்திருக்கிறேன். பாண்டி பஜாரில் ஒரு கடையில் வாங்கினேன். பன்னிரண்டு வாரத் திட்டம். ஒரு வீடியோ கேசட், ஒரு கையேடு, சுவரில் ஒட்ட ஓர் அட்டவணை. என்னோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கும் ஜஹீதா தன் வீட்டு டெக்கைக் கொடுத்திருக்கிறாள். கேசட்டில் ஒரு வெள்ளைக்காரி, பல்லெல்லாம் தெரிய, மூச்சு வாங்காமல் குதிக்கிறாள். ஏறி இறங்கப் பலகை வேண்டுமாம். சாப்பிட உட்காரும் மணை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நான் ஏறி இறங்குகிறேன். கைக்கு, மணல் நிரப்பின இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். கீழ் போர்ஷன் மாமி நேற்று மாடிப்படியில் மறித்து, "கார்த்தால அஞ்சு மணிக்கு மேல என்னடி இடிக்கறேள், மாவா?" என்றாள். "ஆமாம் மாமி, என்னையே இடிச்சுண்டிருக்கேன்" என்றேன்.

கையேட்டில் இரண்டு விஷயம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். ஒன்று, தட்டில் போட்டுக்கொண்டதில் சரிபாதியைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும், பிறகு தொடக் கூடாது. இன்னொன்று, எந்த உடம்பு வேண்டுமோ அந்த உடம்பின் படம் ஒன்றைக் கண்ணெதிரே மாட்டிக்கொண்டுதான் குதிக்க வேண்டும். மாட்டியிருக்கிறேன். யார் படம் என்று உனக்குச் சொல்வதாக இல்லை.

டிசம்பர் 27 அன்று எழுபத்தாறு கிலோ. இன்று எழுபத்து மூன்று. நம்ப மாட்டாய் என்று லஸ் முனை எடை மெஷின் துப்பின சீட்டையே இதில் வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஜோசியமும் அச்சடித்திருக்கிறான்: "தூரத்தில் ஒருவர் உங்களால் வளர்வார்." யாரோ புண்ணியவான்.

மார்ச் 27 ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு வரன் பார்க்க வருகிறது. எனக்கு முப்பத்திரண்டு முடியப் போகிறது. இதுவும் போனால் இனிமேல் ஒருத்தரையும் அப்பா கூப்பிட மாட்டார், நானும் கதவுக்குப் பின்னால் போய் நிற்க மாட்டேன். அதுதான் சொல்லலாம் என்று.

ஸ்ரீலக்ஷ்மி

*

மஸ்கட்,
24.1.1994

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். திட்டியிருந்தாலும் பரவாயில்லை, இருக்கிறது என்ற நினைப்பே போதும் என்று தோன்றியது. பிரித்த பிறகு நாலு தரம் படித்தேன். மாமிக்கு நீ சொன்ன பதிலைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். சிரித்ததும் பயமாகிவிட்டது. என் சிரிப்பைப் பற்றி மேலேயே எழுதியிருக்கிறாயே. அதைப் பற்றி ஒரு நாள் நான் எழுதத்தான் வேண்டும். இப்போது தைரியம் இல்லை.

மார்ச் 27 நல்லபடியாக நடக்கும். நான் தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன்.

உனக்கு வேடிக்கையாக ஒன்று சொல்லட்டுமா? நீ இளைக்கிறாய், நான் பருக்கிறேன். கல்யாணத்தின்போது நாற்பத்தெட்டு. போன டிசம்பர் வரைக்கும் அதே நாற்பத்தெட்டு. இப்போது ஐம்பத்து நாலு. ரவிக்கை எல்லாம் கையைப் பிடிக்கிறது. முதலில் நாங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அது இல்லை. "நல்லா சாப்பிடறீங்க போலிருக்கு" என்றாள் அந்தக் கேரளத்து டாக்டரம்மா. நான் முன்னைவிடக் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், அக்கா.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. தினமும் காலை ஒன்பதரை மணிக்கு, வேலையெல்லாம் முடித்து வெறுமனே உட்கார்ந்திருக்கும்போது, வாயில் ஏதோ ருசி வருகிறது. போன புதன்கிழமை வெந்தயக் குழம்பு. நல்லெண்ணெய் மிதக்க, சுண்டக் காய்ச்சினது. இங்கே நான் அதைச் செய்து ஒரு வருஷம் ஆகிறது. அதில் உப்புக் குறைச்சலாக இருந்தது. அதனால்தான் உன் ஞாபகம் வந்தது. "ஸ்ரீ கைக்கு உப்பே வராது" என்று அம்மா கடைசி நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாளே.

அசட்டுத்தனமாக எழுதுகிறேன். வீட்டு ஏக்கமாக இருக்கும். நீ பதில் போட்டால் சரியாகிவிடும்.

ஜானு

*

மயிலாப்பூர்,
12.2.1994

ஜானு,

அறுபத்தாறு. சீட்டு வைத்திருக்கிறேன், இதற்கு முந்தின வாரங்களின் சீட்டுகளும் கூடவே இருக்கின்றன. கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. இன்ஸ்டிட்யூட்டில் சுருக்கெழுத்து கற்க வரும் பெண்கள், "மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் படித்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒளிப்பானேன். ஐம்பத்து நாலா? ஆகட்டும். ரவிக்கையைப் பிரித்துத் தைக்கிற கஷ்டம் உனக்கும் தெரியட்டும். இன்னும் கொஞ்சம் ஏறினால் உன் ஆத்துக்காரர் யாரிடம் போய் "ஜாஸ்தியா இருக்கா" என்பார் என்று பார்க்கலாம்.

வெந்தயக் குழம்பு விஷயம் தற்செயல். புதன்கிழமை நம் ஆத்தில் அதுதான் என்பது உண்மை. எத்தனையோ ஆத்தில் புதன்கிழமை வெந்தயக் குழம்பு.

வாயில் ருசி வருவது பித்தமாகக்கூட இருக்கும். இஞ்சிச் சாறு குடி.

ஸ்ரீலக்ஷ்மி

*

மஸ்கட்,
27.2.1994

அக்கா,

இது பித்தம் இல்லை.

நீ அனுப்பின சீட்டுகளில் தேதி இருக்கிறது. இங்கே இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லீவில் இருக்கும்போது என்னைக் குளியலறை மெஷினில் ஏற்றி, காலண்டரில் எழுதி வைக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ எழுபத்தாறாக இருந்தபோது நான் நாற்பத்தெட்டு. நீ எழுபத்து மூன்று, நான் ஐம்பத்தொன்று. எழுபது, ஐம்பத்து நாலு. அறுபத்தாறு, ஐம்பத்தெட்டு. எந்த வாரம் கூட்டினாலும் நூற்று இருபத்து நாலு. இன்று நான் அறுபத்திரண்டு. நீயும் இன்று அறுபத்திரண்டாக இருக்க வேண்டும். போய்ப் பார்த்து எழுது.

நான் இப்போது இரண்டு சப்பாத்தியும் ஒரு தம்ளர் மோரும்தான். வேறு ஒன்றும் தொடுவதில்லை. ஆனால் ஒன்பதரைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது. பொங்கலன்று நெய் வழியச் சர்க்கரைப் பொங்கல். தை வெள்ளியில் முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய் ரசவாங்கி. வாயை இறுக மூடிக்கொண்டாலும் வருகிறது. எழுந்தால் வயிறு கனக்கிறது, ஏப்பம் வருகிறது. ஏகாதசியன்று மட்டும் ஒன்றும் வரவில்லை. அன்று அப்பா பட்டினி, நம் ஆத்தில் சமையல் கிடையாது இல்லையா? இங்கே ஒன்பதரை என்றால் அங்கே பதினோரு மணி. இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்து நீ சாப்பிட உட்காரும் நேரம்.

சாப்பாடு வரும்போது பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. வளையல் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பால்கனிக் கம்பியில் ஒரு காக்கை மட்டும் கத்தாமல் உள்ளே பார்த்துக்கொண்டு இருக்கும். சாப்பாடு முடிந்ததும் போய்விடும்.

இவர் முதலில் கேலி செய்தார். இப்போது கேலி இல்லை. "உங்க குடும்பத்து உடம்பு வந்துடுத்து உனக்கு. எழுபதைத் தொட்டா டிக்கெட் எடுத்து மயிலாப்பூர்லயே விட்டுட்டு வந்துடுவேன்" என்றார் போன வெள்ளிக்கிழமை. என் தட்டை அவரே போட்டுத் தருகிறார். ஒளித்து வைத்துத் தின்கிறேன் என்று அலமாரியெல்லாம் திறந்து பார்க்கிறார். நான் எப்படிச் சொல்ல, அக்கா, என்னிடம் ஒளிக்க ஒன்றுமே இல்லை என்று?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபிக்காமல் சொல். நீ எடுத்து வைக்கிறாயே, அந்தப் பாதித் தட்டு, அதை என்ன செய்கிறாய்?

ஜானு

*

மயிலாப்பூர்,
9.3.1994

ஜானு,

உன் கடிதத்தோடு லஸ்ஸுக்குப் போய் மெஷினில் ஏறினேன். நீ எழுதின பிறகு பத்து நாள் ஆகிறது, அதனால் அறுபது. நீ இப்போது அறுபத்து நாலா? இருக்கும். நான் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். நான் மாட்டியிருப்பது உன் படம். உன் கல்யாண போட்டோ. அவர் இருந்த பாதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு உன்னை மட்டும் சட்டம் போட்டேன். கையேட்டில் கேட்ட உடம்பு உன்னுடையதுதான், வேறு யாரை மாட்டுவேன்? கூடத்தில் சும்மா இருந்த ஆணி ஒன்றுதான், தெற்குச் சுவரில், அம்மா படத்துக்குப் பக்கத்தில். அதில் மாட்டினேன். அதற்குக் கீழேதான் மணையைப் போட்டுக்கொண்டு குதிக்கிறேன்.

முதல் நாள் பாதிச் சாதத்தை எடுத்து வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பசிக்கிறது, எதிரில் சோறு இருக்கிறது, தொடக் கூடாது. நிமிர்ந்தால் நீ பட்டுப் புடவையில் இளித்துக்கொண்டு நிற்கிறாய். கோபத்தில் தட்டை உன் படத்துக்கு முன்னால் நகர்த்தி, "இந்தா, எல்லாம் உனக்குத்தானே, இதையும் நீயே தின்னு" என்றேன். அழுகை நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. அது வழக்கமாகிவிட்டது. பதினோரு மணிக்கு உனக்கு வைப்பேன், சொல்வதைச் சொல்வேன், அரை மணி கழித்துச் சோறு வீணாவானேன் என்று மொட்டை மாடியில் காக்காய்க்குப் போடுவேன். அம்மா படத்துக்குப் பூ வைக்கும்போது மிச்சம் இருக்கிற கண்ணியை உன் படத்துக்கும் வைத்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. கை பழக்கம்.

போன வாரம், வீட்டு வேலைக்கு வரும் நொச்சிக்குப்பம் தேவானை பெருக்கிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். தட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னாமா இது? சின்னம்மா எப்பமா செத்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். "சும்மா இருடி, அவ குத்துக்கல்லாட்டம் இருக்கா" என்று அதட்டினேன். "அப்போ இன்னாத்துக்குமா உசுரோட கீற பொண்ணுக்குப் படையல் போட்டுக்கினு கீற?" என்று கேட்டாள்.

சரி, தெரிந்துகொண்டாய். இப்போது என்ன? எடுத்துவிடு என்பாய். எடுக்க மாட்டேன். இன்னும் பதினெட்டு நாள்தான். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டபோது ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. 27-ஆம் தேதி வரைக்கும் பொறுத்துக்கொள். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும், ஜானு. ஒரு தரம் நான் தட்டோடு கூடத்துக்கு வந்து நிற்கிறபோது யாரும் வேறு பக்கம் பார்க்காமல் இருக்க வேண்டும்.

ஸ்ரீ

*

மஸ்கட்,
17.3.1994

அக்கா,

எடுக்க வேண்டாம். வை.

நான் கோபமாக எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். 27 வரைக்கும் வை. இது எனக்கு வர வேண்டியதுதான். எழுபதைத் தொட்டால் தொடட்டும், இவர் சொல்வதைச் சொல்லட்டும்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவர் மீசையில் பஜ்ஜித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு அவ்வளவு பெரிய மனுஷனாக உன்னைப் பற்றிப் பேசினார். உள்ளே ஓடி வந்து உன்னிடம் சொல்ல வேண்டும், நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அக்கா. ஆனால் பிறகு அப்பா கேட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது உண்மை. எனக்கு வெளியூர் போக வேண்டும் என்று இருந்தது, இவர் பார்க்கவும் நன்றாக இருந்தார். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குத்தான் பதினோரு கடிதம் எழுதினேன், ஒன்றிலும் இதை எழுத வரவில்லை.

பக்கத்து ஆணி அம்மாவுடையது என்று நீ எழுதின பிறகு வளையல் சத்தத்துக்குப் பயப்படுவதை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தட்டு வைக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லாதே. அதைச் சொல்லுகிற அன்றெல்லாம் நெஞ்சுக்குழியில் அடைக்கிறது. "சாப்பிடு ஜானு" என்று சொல், போதும். சின்ன வயசில் அப்படித்தான் சொல்வாய்.

ஜானு

*

மயிலாப்பூர்,
28.3.1994

ஜானு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றே படத்தை எடுத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு நாள்தானே என்று விட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

நேற்று பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். பிள்ளை, அவன் அம்மா, ஒரு மாமா. என் எடை ஐம்பத்தெட்டு. மாம்பழக் கலர் புடவை. சொஜ்ஜித் தட்டோடு வந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளையும் பார்த்தான். ஒருத்தரும் வேறு பக்கம் திரும்பவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அந்த அம்மாள்தான் சுவரைப் பார்த்தாள். பூப் போட்ட இரண்டு படம். அப்பாவிடம் குனிந்து, "இது உங்காத்து மாமியா?" என்று கேட்டாள். "ஆமாம், ஆமாம்" என்றார் அப்பா. "பக்கத்துல சின்னப் பொண்ணா? பாவமே, எப்போ தவறிப்போனா? ரெண்டு வருஷம் இருக்குமா?" என்றாள். அப்பாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவர் பாட்டுக்குச் சிரித்த முகமாக, "ஆமாம், ஆமாம்" என்று தலையை ஆட்டினார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஜானு. என் தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் அந்தச் சுவரில் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு சொஜ்ஜியைப் பரிமாறினேன். அந்த அம்மாள் "உச்" கொட்டிவிட்டு, "அதான் பொண்ணு முகத்துல ஒரு சோகம்" என்றாள். அதுவும் பிடித்துவிட்டது அவர்களுக்கு. சம்மதம் என்று இன்று காலை தந்தி வந்தது.

அவர்கள் படியிறங்கினதும் உன் படத்தைக் கழற்றிவிட்டேன். அட்டவணையைக் கிழித்தேன், கேசட்டை ஜஹீதாவிடம் கொடுத்துவிட்டேன். இன்று பதினோரு மணிக்கு ஒரு தட்டு முழுக்க நானே சாப்பிட்டேன். இறங்கவில்லை, தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன். இனி உனக்கு ஒன்றும் வராது. உன் சாப்பாட்டை நீ சாப்பிடு. சரியாகிவிட்டது என்று உடனே ஒரு வரி எழுது.

ஸ்ரீ

*

மஸ்கட்,
9.4.1994

அக்கா,

பசிக்கிறது.

27-ஆம் தேதி மத்தியானம் இரண்டரை மணிக்கு அங்கே என்ன நடந்தது? நான் கூடத்தில் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். இவர் ஆபீசிலிருந்து வந்து, "ஜானு, எங்க இருக்கே?" என்றார். "இங்கதான்" என்றேன். என்னைத் தாண்டிப் போய்ப் படுக்கையறையில் தேடினார். சமையலறையில் தேடினார். மறுபடி கூடத்துக்கு வந்து என் எதிரிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டார். ஐந்து நிமிஷம். அப்புறம் திடுக்கிட்டு, "எங்கேருந்து வந்தே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் சாப்பிடுவது எதுவும் ஒட்டவில்லை. இட்லி, சாதம், நெய், எல்லாம் காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. உள்ளே போகிறது, பசி அப்படியே இருக்கிறது. அறுபத்தாறிலிருந்து பதின்மூன்று நாளில் நாற்பத்து மூன்று. இவருக்கு முதல் வாரம் ரொம்ப சந்தோஷம். "இப்பதான் பழைய ஜானு" என்று புடவை வாங்கி வந்தார். இப்போது அவருக்கும் பயம். மெஷினில் ஏறச் சொல்வதும் இல்லை. ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று நானே கேட்டேன். ஐம்பதாவது ஆகாமல் விமானம் ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்கள். அதுவும் ஒட்டவில்லை.

ஒன்பதரை ஆனால் வாய் தானாகத் திறக்கிறது. ஒன்றும் வருவதில்லை. அந்துருண்டை வாசனை மட்டும் வருகிறது. அந்துருண்டையும் பழைய பட்டும். மூச்சு முட்டுகிறது. என்னை எங்கே வைத்திருக்கிறாய்?

என் உடம்பு உன் கைச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டது, அக்கா. வேறு எதையும் அது எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. திட்டினாலும் பரவாயில்லை. போடு.

ஜானு

*

மயிலாப்பூர்,
20.4.1994

ஜானு, என் கண்ணே,

நாலு மணி. இங்கே நாலு மணிக்குத்தான் அப்பா தலையை ஆட்டினார்.

உன்னைப் பெட்டியில் வைத்திருந்தேன். கழற்றின கையோடு என் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்து மூடினேன், அந்துருண்டை போட்ட பெட்டி. உனக்கு நான் அதை எழுதவே இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப் போய்த் திறந்தேன்.

தெற்குச் சுவரில் உன்னை மாட்டவில்லை. தேவானை கிழக்குச் சுவரில் புதிதாக ஆணி அடித்துக் கொடுத்தாள், ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில். "பூவு கீவு ஒண்ணும் வெக்காத, சொல்ட்டேன்" என்று என்னை மிரட்டிவிட்டுத்தான் ஆணியையே அடித்தாள். பூ வைக்கவில்லை.

பாதித் தட்டு இனி கிடையாது. என் தட்டிலிருந்து எடுத்து உனக்கு வைக்கவே மாட்டேன். அரிசி ஒரு ஆழாக்கு கூடுதலாகப் போடுகிறேன். உனக்கென்று தனித் தட்டு, உன்னுடைய பழைய வெள்ளித் தட்டேதான், புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். முதலில் உனக்குப் போட்டுவிட்டுத்தான் எனக்குப் போட்டுக்கொள்கிறேன். நானும் முழுக்கச் சாப்பிடுகிறேன், அறுபத்து நாலு ஆகிவிட்டேன். ஆகட்டும்.

நேற்றே பெங்களூருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். என் தங்கை உயிரோடு இருக்கிறாள், அவளுக்குத் தினமும் பதினோரு மணிக்கு நான் சாப்பாடு போட வேண்டும், அதனால் இந்த ஊரை விட்டு வர முடியாது என்று. ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்று இன்று பதில் தந்தி வந்தது. பெண்ணுக்குச் சித்தம் சரியில்லை என்று தரகரிடம் சொன்னார்களாம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உனக்கு ஐம்பது ஆகிறதா இல்லையா என்பதுதான் இப்போது என் கவலை. ஐம்பது ஆனதும் விமானம் ஏறி வா. அதற்கப்புறம் எதிரே உட்கார்த்தி வைத்துப் போடுகிறேன்.

நேற்றிலிருந்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன். நேற்று மோர்க்குழம்பும் உருளைக்கிழங்குக் கறியும். "சாப்பிடு ஜானு" என்றுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வருகிறதா? எப்படி இருக்கிறது? எழுது, சீக்கிரம் எழுது.

அக்கா

*

மஸ்கட்,
1.5.1994

அக்கா,

வருகிறது. 19-ஆம் தேதியே வந்துவிட்டது. மோர்க்குழம்பில் வெண்டைக்காய் போட்டிருந்தாய். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கினேன்.

இன்று நாற்பத்தாறு. நெஞ்சை அடைப்பதில்லை. அந்துருண்டை வாசனையும் போய்விட்டது. காக்கை கம்பியை விட்டு உள்ளே வந்து நாற்காலி முதுகில் உட்கார்ந்துகொள்கிறது. நான் விரட்டுவதில்லை.

ஒரு தட்டுத்தான் வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம். இன்னும் கொஞ்சம் கூடப் போடு. நீ சுவரை மாற்றினாயே தவிர, அவள் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. எனக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுகிறாள்.

உப்பு கொஞ்சம் குறைச்சலாம். நான் சொல்லவில்லை. அம்மாதான் எழுதச் சொன்னாள்.

ஜானு